நிணநீர்ச் 'சுரப்பி' எதைச் சுரக்கிறது?

சித்திக்குத் தாடைக்கு அடியில் புளியங்கொட்டை அளவு கட்டி. ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த துண்டறிக்கையின் தலைப்பு 'வீங்கிய நிணநீர்ச் சுரப்பிகளைப் புரிந்துகொள்ளுதல்'. "சுரப்பின்னா தைராய்டு மாதிரியாடா? எனக்கு எது அதிகமா சுரக்குது?" என்று கேட்டவர், மறுநாளே தானாகப் போய் தைராய்டு டெஸ்ட்டும் எடுத்துவிட்டார்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் லிம்ஃப் நோடு. லிம்ஃப், அதாவது திசுக்களிலிருந்து வடிந்து தனிக் குழாய்களில் ஓடும் நிணநீர், தெளிந்த நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது, நோடு என்றால் முடிச்சு. தமிழில் நிணம் என்றால் கொழுப்பு. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்து வரும் நிணநீர் பால் மாதிரி வெளுத்திருக்கும், அதனால் 'நிணநீர்' சரி.

சண்டை 'சுரப்பி' என்ற பின்பாதியோடுதான். மடி சுரக்கும், ஊற்று சுரக்கும், கணையம் இன்சுலின் சுரக்கும். இது அந்த வகையே இல்லை. வழியில் உட்கார்ந்து நிணநீரை வடிகட்டுகிறது, அதில் வரும் கிருமியோடு மோத வெள்ளணுக்கள் உள்ளேயே பெருகுகின்றன, அதனால்தான் வீக்கம். ஆங்கிலப் பேச்சில் இன்றும் கிளாண்ட் என்கிறார்கள், அது பழைய தவறு. அவர்களுடைய மருத்துவ நூல்களே நோடு என்று எழுதும்போது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் கிளாண்டுக்கு நேரே இருப்பதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 'முடிச்சு' என்பவர்களோடு எனக்குப் பெரிய பகையில்லை, ஆனால் முடிச்சு விழுந்தால் ஓட்டம் நின்றுவிடும் என்றுதான் தோன்றும். கரும்பில் கணு இருக்கிறது, சாறு ஏறாமலா இருக்கிறது? என் ஓட்டு நிணநீர்க்கணுவுக்கு.

பேச்சில் அதுகூட வேண்டாம், 'நெறி கட்டியிருக்கு' போதும். சின்ன வயதில் தொடையிடுக்கு வலிக்கிறது என்றால் அப்பத்தா அங்கே பார்க்கவே மாட்டார், "கால்ல எங்கடா புண்ணு?" என்று பாதத்தைத் திருப்புவார். விரலிடுக்கில் முள் குத்திச் சீழ் பிடித்திருக்கும். காலின் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களுக்குத்தான் போகிறது. அக்குளில் கட்டினால் கையையோ மார்பையோ பார்க்க வேண்டும், குழந்தைக்குப் பின்கழுத்தில் கட்டினால் தலையில் பேன், புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசநோயால் கழுத்தில் வரிசையாக வரும் கட்டிகளுக்குக் கண்டமாலை என்று பெயர் வைத்ததும் நம் ஆட்கள்தான்.

தொட்டால் வலிக்கும் கட்டி பெரும்பாலும் தொற்று. வலியில்லாமல், கல் மாதிரி, நகராமல், ஒரு மாதமாகியும் அமுங்காமல் இருந்தாலோ காறையெலும்புக்கு மேலே வந்தாலோ காசமா, புற்றா என்று பார்த்தே ஆக வேண்டும். துண்டறிக்கையிலும் இந்த முக்கியமான இடம் இருக்கிறது, எப்படியென்றால், 'கடினமான, அசையாத முனைகள்'. முனைகளாம்! நோடுக்கான சொல்லைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலிருந்து எடுத்திருப்பார்கள் போல.

சித்திக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கியதும் மூன்று வாரத்தில் கட்டி அமுங்கியது. தைராய்டு டெஸ்ட்டுக்குக் கொடுத்த காசுதான் போச்சு.