கம்பி இல்லாத சுவர்

வீடு கட்டும் இடத்தில் பி.சி.சி., ஆர்.சி.சி. என்ற இரண்டும் நாள் முழுக்கக் காதில் விழும். இரண்டும் கான்கிரீட்தான். முதலாவதில் கம்பி கிடையாது, இரண்டாவதில் உண்டு. இந்தக் 'கம்பி கிடையாது' என்பதைத்தான் பொறியியல் தமிழ் 'வலுவூட்டப்படாத' என்கிறது. கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். வலுவே இல்லாதது என்று படிக்கத் தோன்றும். ஆனால் அஸ்திவாரக் குழியின் அடியில் பி.சி.சி. போடுவது தெரிந்தேதான். அங்கே அது அமுங்கினால் போதும், வளைய வேண்டியதில்லை.

கல், செங்கல், கான்கிரீட் மூன்றுமே அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். கான்கிரீட்டின் இழுவிசைத் தாங்கும் திறன், அழுத்தம் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சுவர் சும்மா நிற்கும்வரை இது வெளியே தெரியாது. தரை பக்கவாட்டில் ஆடும்போது சுவர் வளையப் பார்க்கிறது. ஒரு முகம் அமுங்க, மறுமுகம் இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கும்.

மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தின் அளவு 6-ஐச் சற்றே தாண்டியது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஊர் வீடுகளின் சுவர்கள் இரண்டடிக்கும் மேல் கனம், பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சுவரல்ல. உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒன்று, நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும். இரண்டையும் கோக்கும் நீளக்கல் இல்லை. ஆட்டத்தில் வெளிவரிசை தெருப்பக்கம் சரிய, உள்வரிசை வீட்டுக்குள் விழுந்தது. வெயிலுக்காகக் கூரைமேல் கொட்டியிருந்த மண்ணும் சேர்ந்து இறங்கியது.

கனம் காப்பாற்றாது, கட்டுதான் காப்பாற்றும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் மரத்துண்டுகளைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல்களின் மேல்விளிம்பில், எல்லாச் சுவர்களையும் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டைக்கும் அதே வேலைதான். ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டால் அந்த வேலை நடக்காது. சிக்கனம் என்று பலர் செய்வது அதைத்தான்.

சரி, ஏற்கெனவே கட்டிய கல்வீட்டை என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. சுவரில் ஓரிரு கல்லைப் பதமாக எடுத்து, மறுபுறம்வரை துளை போட்டு, இருமுனையும் மடக்கிய கம்பியை வைத்துக் கான்கிரீட் அடைப்பார்கள். இறுகியதும் இரண்டு வரிசையும் கைகோத்து நிற்கும்.