"சார், என் ஆட்டுக்கு வயித்துல ரெண்டு குட்டி இருக்கு"

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இரண்டு மலை போடுவார்கள். நடுவில் பாதிச் சூரியன். மலைக்கு நடுவிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, இந்தப் பக்கம் ஓட்டு வீடு, அந்தப் பக்கம் தென்னை மரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நான் வேலை பார்ப்பது மரக்காணம் பக்கம். எங்கள் பிள்ளைகள் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிக்கு பஸ் ஏற வேண்டும். சூரியன் எங்களுக்குக் கடலில் உதிக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உப்பளம். ஆனால் தாளில் மட்டும் இரண்டு மலை.

அந்த மலைகளைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. யாரோ ஒரு பெரியவர் போட்டுக் காட்டியது, அண்ணன் வழியாகத் தம்பிக்கு வந்துகொண்டே இருக்கிறது.

நான் ஓவிய ஆசிரியர். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். வாரத்துக்கு மூன்று அரை நாள். கணக்குப்படி ஆறிலிருந்து எட்டாம் வகுப்புவரைதான் என் பிள்ளைகள். ஆனால் நடுநிலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் அதே வளாகத்தில்தான் இருக்கும். டீச்சர் யாராவது லீவு போட்டால், "சார், சின்னப் பசங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்களேன், எதையாவது வரையச் சொல்லுங்க" என்பார்கள். இந்த 'எதையாவது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி காக்கா வரைந்திருந்தாள். உருண்டை உடம்பு, உடம்பைவிட நீளமான மூக்கு, மூன்று கால். நான் பென்சிலை வாங்கிப் பக்கத்திலேயே நாலு இழுப்பில் ஒரு காக்கா போட்டுக் காட்டினேன். வகுப்பே "ஐ!" என்று கூடிவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த வாரம் அவள் நோட்டில் என் காக்கா. அதற்கடுத்த வாரமும் அதே காக்கா. கோழி வரையச் சொன்னால், "எனக்கு வராது சார், நீங்களே போட்டுக் குடுங்க" என்றாள். அந்த 'எனக்கு வராது' நான் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது கால் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாலாக இருந்திருக்கும், இல்லை ஏதாவது குச்சியாக இருந்திருக்கும். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிலிருந்து பிள்ளையின் தாளில் என் பென்சில் படுவதில்லை. தூரிகையை எப்படிப் பிடிப்பது, வண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று காட்ட வேண்டியிருந்தால் வேறொரு தாளில் காட்டிவிட்டு, அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். கரும்பலகையில் மாதிரிப் படம் இருந்தால் நாற்பது தாளிலும் அதே படம்தான் வரும்.

குழந்தை வரைவது 'தப்பாக' இருப்பதற்குக் காரணம் உண்டு. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியக் கலைக்கல்வியாளர் அமெரிக்காவில் குடியேறிய பிறகு, 1947-இல் இதைப் படிப்படியாக எழுதி வைத்தார். இரண்டு வயதிலிருந்து நாலுவரை கிறுக்கல். நாலிலிருந்து ஏழுவரை, ஒரு வட்டத்திலிருந்து நேராகக் கைகால் முளைத்த மனிதர்கள். ஏழிலிருந்து ஒன்பதுவரை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, மேலே வானம், நடுவில் காலி இடம். இந்தக் கட்டத்துப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதைவிட மனசுக்குத் தெரிந்ததை வரைவார்கள். பஸ்ஸின் தகரத்தைத் தாண்டி உள்ளே இருப்பவர்களின் கால் தெரியும். வீட்டுச் சுவரைத் தாண்டி அடுப்பு தெரியும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆடு வரைந்து, அதன் வயிற்றுக்குள் இரண்டு சின்ன ஆடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் படுக்க வைத்திருந்தான். "சார், என் ஆட்டுக்கு வயித்துல ரெண்டு குட்டி இருக்கு. டாக்டர் சொல்லல, எங்க ஆயா சொல்லுச்சு." இதில் திருத்த என்ன இருக்கிறது?

ஒன்பது, பத்து வயதில்தான் சிக்கல். "நிஜம் மாதிரி இல்லையே" என்ற வெட்கம் அப்போது வருகிறது. நாலாம், ஐந்தாம் வகுப்பில் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு வரையும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெட்கம் வருவதற்கு முன்னாலேயே நாம் திருத்த ஆரம்பித்துவிட்டால், அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சரி, போட்டுக் காட்டவும் கூடாது, 'எதையாவது' என்றும் விடக் கூடாது என்றால் ஆசிரியர் என்னதான் செய்வது? கேள்வி கேட்க வேண்டும். 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் சாய்ந்த கோடுகளும் ஒரு குடையும் வரும். நான் இப்படிக் கேட்பேன்: "மழை பேஞ்சா உங்க வீட்டுல எங்க ஒழுகும்? அங்க எந்தப் பாத்திரத்தை வைப்பீங்க?" பத்து நிமிஷம் வகுப்பே இரைச்சலாக இருக்கும். எங்க வீட்டுல குண்டான், எங்க வீட்டுல பெயின்ட் பக்கெட், ராத்திரி டிவி மேல ஒழுகுச்சு அப்பா தார்ப்பாயைப் போட்டாரு, ஆட்டுக்குட்டியை உள்ள கட்டினோம், அது பாயில ஒண்ணுக்குப் போயிடுச்சு. எல்லாவற்றையும் சொல்ல விட்டு, சத்தம் உச்சத்தில் இருக்கும்போது தாளைக் கொடுப்பேன். அப்புறம் வகுப்பில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். ஒழுகாத மெத்தை வீட்டுப் பிள்ளையும் இருக்கும். அது, "நாங்க ஜன்னல்ல இருந்து பார்ப்போம்" என்றால் அதற்கு ஜன்னல்.

முடித்துக் கொண்டுவந்து காட்டும்போது "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவனுக்கு அது பட்டப்பகல் மாதிரித் தெளிவான யானை. "சூப்பர்" என்பதும் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துபோகும். "இதுல என்ன நடக்குது, சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டால் போதும்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை விரலால் வரைவதில்லை, தோளிலிருந்து வரைகிறது. அதன் கையில் பாதி ஏ-4 தாளையும் கூர்சீவிய பென்சிலையும் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டுகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், அரை சார்ட், ஒன்றுமில்லை என்றால் சிமென்ட் தரையும் சாக்பீஸும் போதும். பெரிசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவில்லாத வேலை ஒன்று, என் வகுப்பில் தோற்றதே இல்லை. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசி வெயிலில் காய வைப்போம். அப்புறம் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் தொட்டு வரைய வேண்டும். தண்ணீர்தானே என்று இழுப்பார்கள், கோடு செங்கல் நிறத்தில் சிவந்து வரும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவப்பதைப் பார்த்த பிள்ளை ஒன்று எப்படியும் இருக்கும். அதுவே மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லும். எலுமிச்சைச் சாறு தொட்டால் சிவப்பு மறைந்து பழையபடி மஞ்சளாகும். தப்பாகப் போட்டாலும் அழித்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், பயந்தாங்கொள்ளிகள்கூடத் தாள் முழுக்க வரைவார்கள்.

இதே வேலையை ஆரத்தி மாதிரிச் சுண்ணாம்பு வைத்துச் செய்யலாமே என்று ஒரு டீச்சர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழியே வெந்துபோகும், பார்வை போய்விடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடி அப்படிக் கண் கெட்ட பிள்ளைகள் உண்டு. எங்கேயாவது அப்படிப் பட்டுவிட்டால் கசக்க விடாமல், நல்ல தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பசையும் அப்படித்தான். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வது நல்லதுதான், ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் நக்கிப் பார்ப்பார்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். அவர்களிடம் மிச்சம் வாங்கி வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே தீர்த்துவிட்டால் துத்தம் தேவையே இல்லை. கத்தரிக்கோல் பத்துதான் இருக்கிறது, பிள்ளைகள் நாற்பது என்றால் கிழித்து ஒட்டச் சொல்லுங்கள். கிழித்த ஓரத்தில் வரும் வெள்ளை விளிம்பு கடல் அலைக்கு அப்படிப் பொருந்தும்.

இன்னொரு விஷயம், வண்ணப் பெட்டி. "சார், ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு?" என்று வகுப்பில் ஒரு குச்சி கைமாறிக்கொண்டே இருக்கும். வெளிர் ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த மாதிரி ஒரு நிறம். அந்த வகுப்பில் அந்த நிறத்தில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது, நானும் கிடையாது. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனியே 'சதை' என்று வைத்திருந்த பெயரை 1962-இல் 'பீச்' பழத்தின் பெயருக்கு மாற்றிவிட்டது. நம் பிள்ளைகள் வாயில் அது இன்னும் தோல் நிறம்தான். நான் பிரசங்கம் செய்வதில்லை. கையைத் தாளின் மேல் வைத்து, அதன் நிறத்துக்குப் பக்கத்தில் வரும்வரை காவி, மஞ்சள், கறுப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்க்கச் சொல்வேன். "சார், உள்ளங்கை வேற கலரு, மேல்கை வேற கலரு!" என்று கத்துவார்கள். ஒரு பீரியட் முழுக்க அதிலேயே போகும்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளியில் 'ப்ராஜெக்ட்' கேட்டால் ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா தெர்மாகோலை அறுத்து அம்மா ஜிகினா ஒட்டிய சோழர் கோயில் எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அதைத் தொடவே பயம். இதற்கு மார்க் போடும் எங்களைத்தான் முதலில் திட்ட வேண்டும். கோணல் அட்டைப்பெட்டிக்கு ஐந்தும் கடைக் கோயிலுக்குப் பத்தும் போட்டால் நீங்கள் கடைக்குத்தான் போவீர்கள்.

போன வருஷம் இரண்டாம் வகுப்பில், "உங்க வீட்டுல வேலைக்குப் போறவங்க எங்க நிப்பாங்க? கால் எதுல இருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தேன். ஒருத்தன் தாளில் மறுபடியும் அதே இரண்டு மலை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மலைக்கு வண்ணமே அடிக்கவில்லை. சுற்றி வானம், தண்ணீர், தரை எல்லாவற்றையும் நீலத்திலும் காவியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்திருந்தான். ஒரு மலை உச்சியில், நீளமான கட்டையைப் பிடித்தபடி ஓர் ஆள். இன்னொன்றின் மேல் பாதிக்குக் கீற்று வேய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல என்னடா நடக்குது?" என்றேன்.

"உப்பு சார். மழை வர்றதுக்குள்ள எங்கம்மா மூடிக்கினு இருக்குது" என்றான்.