ஈத்0 (eth0) ஏன் இஎன்பி3எஸ்0 (enp3s0) ஆனது?

ஒரு லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று இணையத்தோடும் மற்றொன்று உள் நெட்வொர்க்கோடும் இணைந்திருக்கின்றன. இணையப் பக்கக் கார்டுக்கு லினக்ஸ் வைத்த பெயர் ஈத்0, உள் பக்கத்துக்கு ஈத்1. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதிகள் பெரும்பாலும் இந்தப் பெயரை நம்பித்தான் எழுதப்படுகின்றன: ஈத்0 வழியாக வருவதைத் தடு, ஈத்1 வழியாக வருவதை அனுமதி. சர்வரை ரீபூட் செய்யும்போது இந்த இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்? விதிகளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனாலும் இணையத்துக்குக் கதவு திறந்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு அடைபடும்.

இது கற்பனையான ஆபத்து இல்லை. லினக்ஸின் மையமான கெர்னலைப் பொறுத்தவரை ஒரு இன்டர்ஃபேஸின் (நெட்வொர்க் இணைப்பின்) பெயர் வெறும் ஒட்டுச்சீட்டுதான். உள்ளுக்குள் அது ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் அடையாளம் காண்கிறது. பெயர் வேண்டும் என்று வரும்போது, டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) எந்தக் கார்டை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு ஈத்0, அடுத்ததற்கு ஈத்1 என்று காலியாக உள்ள சிறிய எண்ணைக் கொடுத்துவிடும். டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிய காலத்தில் இந்த வரிசை பெரும்பாலும் மாறாமல் இருந்தது. பூட் வேகத்துக்காகப் பல டிரைவர்களை ஒரே நேரத்தில் ஏற்றத் தொடங்கியதும் அந்த உறுதி போய்விட்டது. எந்தக் கார்டு சில மில்லிசெகண்ட் முந்துகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறலாம்.

முதலில் வந்த தீர்வு மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உரிய தனி அடையாள எண். யூடெவ் என்ற நிரல் ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் அதன் பெயரையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பூட்டிலும் அதே பெயரைச் சூட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழுதான கார்டை மாற்றினால் புதிய கார்டுக்கு வேறு எண் விழும், பழைய அமைப்புகள் அதற்குப் பொருந்தாது. மெய்நிகர் கணினியை நகலெடுத்தாலும் இதே கதை: நகலுக்குப் புதிய மேக் முகவரி கிடைக்கும், ஈத்0 என்ற பெயர் பழையதற்கே ஒதுக்கப்பட்டிருக்கும், நகலில் நெட்வொர்க் எழும்பாது. இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. யூடெவ் ஒரு கார்டுக்கு ஈத்1 என்று பெயர் மாற்றப் போகும் அதே நொடியில், கெர்னல் இன்னொரு கார்டுக்கு ஈத்1 என்று சூட்டியிருக்கும். இரண்டு பேர் ஒரே பெயர்க்குவியலில் கைவைத்தால் மோதல் தவிர்க்க முடியாதது.

லினக்ஸ் பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள் சிஸ்டம்டி. 2013 ஜனவரியில் வந்த அதன் 197-ஆம் பதிப்பு வேறு கோணத்தில் யோசித்தது. கார்டு எப்போது வந்தது, அதன் மேக் முகவரி என்ன என்றெல்லாம் பார்க்காமல், அது எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்தது. பெயரின் முன்னொட்டு வகையைச் சொல்லும்: ஈதர்நெட் என்றால் இஎன், வைஃபை என்றால் டபிள்யூஎல். அதன்பின் இடம். மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்) எண் கொடுத்திருந்தால் இஎன்ஓ1. கார்டு செருகும் ஸ்லாட்டின் எண் தெரிந்தால் இஎன்எஸ்1. இரண்டும் இல்லையென்றால் பிசிஐ பாதை, அதாவது கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் தடத்தில் (பஸ்) அது இருக்கும் இடம்: இஎன்பி3எஸ்0 என்றால் மூன்றாம் எண் பஸ், அதில் 0 எண் இடம். ஒரே கார்டில் இரண்டு போர்ட் இருந்தால் கடைசியில் எஃப்0, எஃப்1 என்று சேரும். முன்னொட்டு ஈத் இல்லை என்பதால் கெர்னலோடு மோதலும் இல்லை. பழுதான கார்டை எடுத்துவிட்டு அதே ஸ்லாட்டில் அதே மாதிரிக் கார்டைச் செருகினால், பெயர் அப்படியே இருக்கும். சர்வர் அறையில் வேலை பார்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

யூஎஸ்பி கார்டுகளுக்கு மட்டும் இடம் உதவாது, எந்தத் துளையிலும் செருகலாமே. அதனால் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் அவற்றுக்கு இஎன்எக்ஸ் என்று தொடங்கி, மேக் முகவரியின் 12 இலக்கங்களையும் சேர்த்த பெயர். கெர்னல் அனுமதிக்கும் நீளம் 15 ஆங்கில எழுத்து. இந்தப் பெயர் சரியாக 15.

சரி, இடத்தை வைத்த பெயர் மாறவே மாறாதா? மாறும். பிசிஐ பஸ் எண் வன்பொருளில் பொறிக்கப்பட்டது அல்ல. பூட் ஆகும்போது பிசிஐ மரத்தை ஒவ்வொரு கிளையாக நடந்து எண்ணி வழங்கப்படுவது. நடுவில் ஒரு ஜிபியுவோ (கிராபிக்ஸ் கார்டு) பிசிஐ வழியாக இணையும் என்விஎம்இ டிஸ்க்கோ புதிதாக வந்தால், அதற்குப் பின்னால் உள்ள பஸ்களின் எண் ஒவ்வொன்றும் நகரக்கூடும். நேற்றைய இஎன்பி3எஸ்0 இன்று இஎன்பி4எஸ்0. தொலைவிலுள்ள சர்வரில் டிஸ்க் சேர்த்ததும் நெட்வொர்க் போய்விட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அப்படித் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை பஸ் எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும், இன்டர்ஃபேஸ் பெயரில் அது தசமத்தில் இருக்கும். அங்கே 0ஏ என்றால் இங்கே 10.

2020-இல் வந்த கெர்னல் 5.5, ஒரே இன்டர்ஃபேஸுக்குப் பல மாற்றுப் பெயர்களை வைத்துக்கொள்ள இடம் தந்தது. பஸ் எண், ஸ்லாட் எண் இரண்டும் தெரிந்த கார்டை இப்போது இரண்டு பெயராலும் அழைக்கலாம்.

என்னைக் கேட்டால், முக்கியமான சர்வரில் தானாக வரும் பெயரை நம்பி இருக்காமல் நாமே பெயர் சூட்டிவிடுவது நல்லது. சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் (பெயர் சூட்டும் விதிகளை எழுதும் கோப்பு) மேக் முகவரியையும் நாம் விரும்பும் பெயரையும் எழுதினால் போதும். இணையப் பக்கத்துக்கு வேன்0, உள் நெட்வொர்க்குக்கு லேன்0 என்று வேலையைச் சொல்லும் பெயராகவே வைக்கலாம். ஈத்0 என்று மட்டும் வைக்க வேண்டாம். அந்தப் பெயரைக் கெர்னல் இன்றும் பூட்டின்போது தானாகக் கொடுக்கிறது, பழைய மோதல் அப்படியே திரும்பி வரும்.