மங்களம் பாடியதும் தூக்கம் வந்துவிடாது

காலை 11 மணிக்கு வந்த அந்த அம்மாவின் நெற்றியோரத்தில், முடி தொடங்கும் இடத்தில், அரிதாரம் இன்னும் ஒட்டியிருந்தது. வள்ளி திருமணம் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். விடிய விடிய பாடிவிட்டு நேராகக் காரைக்குடியில் என் கிளினிக்குக்கு வந்திருந்தார்.

"தொண்டைக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர். ராத்திரி தேவகோட்டைப் பக்கம் நாடகம்." பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"தூங்கி எத்தனை நாளாச்சும்மா?"

"படுக்கத்தான் செய்யுறேன். கண்ணை மூடினா தர்க்கப் பாட்டே ஓடுது."

மாசியில் முத்துமாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் கோடை முழுக்க இப்படி வருவார்கள். நாடகக்காரர்கள், நாதஸ்வரக்காரர்கள், கரகம் ஆடுகிறவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முடிஞ்சதும் தூங்கிக்கலாம்." அதுதான் நடக்காது. மேடையில் ஏறிய படபடப்பு இறங்கவே ஓரிரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் வெயில் வந்துவிடும். கண்ணில் வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் குறைந்துபோகும், உடம்புச் சூடும் ஏறும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் என்ன தூக்கம் வரும்?

அதனால் தூக்கத்தை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். மதியம் சாப்பிட்டபின் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் படுங்கள். நாடகம் தொடங்கியபிறகும் வழி உண்டு. கோமாளி வேடம் போடும் பபூனும் டான்ஸ்காரியும் மேடையில் இருக்கும்போது ஸ்திரீபார்ட்டுக்கு வேலையில்லை. "சவுரி வச்சு அரிதாரம் போட்டுட்டு எப்படிப் படுக்கிறது?" என்றார். அரிதாரத்துக்கு முன்பே 20 நிமிடம் படுங்கள். அரை மணியைத் தாண்டினால் எழும்போது மந்தமாக இருக்கும். பாவம், ஆர்மோனியக்காரருக்குத்தான் இந்த வசதியும் இல்லை.

டீயை ராத்திரி 1 மணியோடு நிறுத்துங்கள். விடியற்காலை 3 மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் ஏறக்குறைய பாதி காலை 8 மணிக்கும் உடம்பில் இருக்கும். அலுப்புக்கு என்று போடும் குவார்ட்டர் கண்ணை அசத்தும், ஆனால் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். விடியற்காலையில் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்நாணைப் புண்ணாக்கும். இட்லி போதும்.

ஊசி நான் போடவில்லை. வீக்கம் அடங்கினதுபோல இருக்கும், பாடவும் வரும். அந்த நிலையில் உச்சத்தில் பாடினால் குரல்நாணில் ரத்தம் கசியலாம். ரகசியம் பேசுவதுபோலக் கிசுகிசுப்பதும் கூடாது. வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருங்கள் என்றேன். கோபம்தான் அவருக்கு. சீசனில் ஒரு நாடகம் போனால் வீட்டில் எத்தனை கணக்கு இடிக்கும் என்று எனக்கும் தெரியும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது நாடகக்காரர்களை ஊர் ஊராக ஏற்றிப்போகும் வேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானம் போலத்தான். நம் சட்டத்தின் வரம்பே 0.03. டிரைவர் நாடகம் பார்க்க வேண்டாம், வேனிலேயே தூங்கட்டும்.

விழாக் கமிட்டியாருக்கும் ஒன்று. கலைஞர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் படுக்க வைக்கிறீர்கள். அதே தெருவில் செட்டிநாட்டு வீடுகளில் கனத்த சுவரும் ஆத்தங்குடி டைல்ஸ் தரையுமாக, பகலிலும் இருட்டான இரண்டாம் கட்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரரிடம் சாவி கேட்டுப் பாருங்கள்.