மீட்பு என்றால் மீட்புதான்

ஆங்கில நூலில் ‘ரிடெம்ப்ஷன்’ (கிறிஸ்து தம் உயிரையே விலையாகக் கொடுத்து மனிதரை மீட்டது) என்று வரும் இடமெல்லாம் ‘விடுதலை’ என்று எழுதிச் செல்லும் இறையியல் மொழிபெயர்ப்புகளில் இது எனக்கு மூன்றாவது. முதல் இரண்டையும் மதிப்புரையில் ஒரு வரி கடிந்துவிட்டு விட்டுவிட்டேன். மூன்றாவதில் நான்காம் அத்தியாயத்தைத் தாண்டுமுன்பே பொறுமை போய்விட்டது. நான் இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். இலங்கை மலையகத்து ஹட்டன் மழைக்கு வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் நாட்களில் புத்தகம் படிக்கிறவன், அவ்வளவுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவனுக்குக் குறை சொல்லும் உரிமை உண்டு.

சொற்பிறப்பு நீளமானதன்று. இலத்தீனில் ‘எமெரே’ என்றால் வாங்குதல், ‘ரெதிமெரே’ என்றால் திரும்ப வாங்குதல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘அப்போலுட்ரோசிஸ்’. அதற்குள் ‘லூட்ரோன்’ இருக்கிறது: அடிமையையோ போர்க் கைதியையோ திரும்பப் பெறக் கொடுக்கும் விலை. தமிழில் போனது தானாக வந்தால் மீண்டது. ஒருவன் போய்க் கொண்டுவந்தால் மீட்டது.

பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் எபேசியர் 1:7இல் ‘மீட்பு’ என்றார்கள். மாற்கு 10:45இல் ‘மீட்கும்பொருள்’ என்றார்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களைக் கும்பிடலாம். 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் அந்த மாற்கு வசனத்தில் ‘மீட்புக்கு ஈடாக’ என்கிறது.

‘மீட்பு’ என்றால் அடகுக் கடை வாசம் அடிக்கிறது, ‘விடுதலை’தான் கம்பீரம் என்று படித்த நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அந்த வாசம்தானே ஐயா வேண்டியது! பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்த சங்கிலியைத் தீபாவளி முற்பணத்தில் மீட்டுவரும் தாயிடம், “சங்கிலிக்கு விடுதலை கிடைத்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். விடுதலை என்ற சொல் வெளியே வந்தவனை மட்டும் காட்டும். கொடுத்தவன் யார், என்ன கொடுத்தான் என்று அதற்குத் தெரியாது. சிறைக் கைதிக்கும் சுதந்திர தினத்தன்று விடுதலை கிடைக்கிறது. அங்கே யாரும் விலை கொடுக்கவில்லை.

மலையகத்தானுக்கு இது இன்னும் நன்றாக விளங்க வேண்டும். ‘துண்டு’ என்ற சொல்லை முதியவர்கள் வாயால் கேட்டவன் நான். கடன் தீராமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத்து மேலாளரான துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. வேறொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கடன் அடைந்தவன் நடுத்தெருவில் சுதந்திரமாக நிற்கவில்லை. அடைத்தவனின் தோட்டத்துக்குப் போனான். ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும், நீங்கள் உங்களுக்குச் சொந்தமல்ல என்றதும் இதைத்தான். (புதிய துரை அந்தக் கடனைத் தொழிலாளியின் தலையிலேயே மறுபடி எழுதினார், கிறிஸ்து எழுதவில்லை. உவமையை இதற்குமேல் இழுத்தால் கிழிந்துவிடும்.) ‘விடுதலை’ என்று போட்டால் ஆள் மாறிய கதையே காணாமல் போகிறது.

நண்பரின் கையில் ஒரு துருப்புச் சீட்டும் இருந்தது. எபிரெயர் 11:35இல் அதே கிரேக்கச் சொல்லுக்குப் பழைய வேதாகமமே ‘விடுதலை’ என்கிறது. உண்மை. ஆனால் அங்கே சித்திரவதைப்படுகிறவர்கள் தப்ப மறுக்கிறார்கள். அவர்களுக்காக விலை கொடுப்பவர் எவரும் இல்லை. இடம் பார்த்துச் சொல் மாற்றியவர்கள் அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே சொல்லைக் கொட்டியவர்கள் அல்லர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971இல் எழுதிய நூலுக்குப் பிறகு, ஏழைகளின் விடுதலையைப் பேசும் ‘விடுதலை இறையியல்’ என்பது தனித் துறையின் பெயராக நிலைத்துவிட்டது. மீட்பையும் விடுதலை என்றால், அந்தத் துறையைப் பற்றிய அத்தியாயத்தில் என்ன செய்வார்கள்? நான் படித்த நூலில் ஒரே பத்தியில் இரண்டும் வருகின்றன. எது எதுவென்று அறிய ஆங்கில மூலத்தை இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பத்தின் வேர் தனித்தமிழ் ஆர்வம் என்பது என் ஊகம். ‘சால்வேஷன்’ என்பதற்கு வழங்கிய ‘இரட்சிப்பு’ வடமொழி என்று தள்ளிவிட்டு, அந்தச் சுமையையும் ‘மீட்பு’ மேல் ஏற்றினார்கள். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கவே, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் கிடந்த ‘விடுதலை’யை எடுத்துப் போட்டார். நல்ல தமிழ்தான் வேண்டுமென்றால் கத்தோலிக்கப் பாட்டிமார் சொன்ன ‘ஈடேற்றம்’ இருக்கிறதே! இரட்சிப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம். மீட்பை அதன் வேலையைப் பார்க்க விடலாம்.

இப்போதைக்கு ‘விடுதலை’ வரும் இடமெல்லாம் பென்சிலால் அடித்து ‘மீட்பு’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே படிக்கிறேன். மதிப்புரை தாமதமாவதற்கு அதுதான் காரணம்.