வட்டம் ஏன் முட்டையாகிறது?

பெரிய அகலத்திரை டிவியில் பழைய படம் ஒன்றைப் போட்டால் நடிப்பவர்கள் எல்லோரும் பருத்துக் குட்டையாகத் தெரிவார்கள். சைக்கிள் சக்கரம் படுத்த முட்டையாக உருளும். திரை கெட்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் திரையில் ஒரு பழுதும் இருக்காது, பிழை கணக்கில்தான்.

பழைய டிவிப் படத்தின் வடிவம் 4:3, அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. இன்றைய திரை 16:9. இந்த 16:9 எங்கிருந்து வந்தது? 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்திலிருந்த பட வடிவங்களைச் சம பரப்புள்ள செவ்வகங்களாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் சுற்றி அடைக்கும் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே அமையும் செவ்வகமும் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.77 மடங்கு அகலமாக, அதாவது 16:9 ஆக வந்தன. எந்த வடிவத்தையும் அதிகம் வீணாக்காமல் ஏற்கும் சமரசம் அது. ஆகவே 4:3 படத்துக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை வருவது குறையல்ல, அதுதான் சரி.

1920 × 1080 பிக்சல் (ஒளிப்புள்ளி) கொண்ட திரையில் 4:3 படத்துக்கு 1440 பிக்சல் அகலம் போதும். பக்கத்துக்கு 240 பிக்சல் காலியாக நிற்கும். அந்த இடத்தை நிரப்ப இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். 'ஜூம்' வைத்தால் வடிவம் கெடாது, ஆனால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். சில டிவிகளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் வசதி உண்டு. அதில் ஒருவர் இடமிருந்து வலமாக நடந்தால், பருமனாக நுழைந்து, நடுவில் இளைத்து, மறுபடி பருத்து வெளியேறுவார். என் கண்ணுக்கு அது நேர் இழுவையைவிட மோசம்.

படம் இழுபட்டிருக்கிறதா என்பதை ஒரு ஸ்கேலே சொல்லிவிடும். கேமராவுக்கு நேராக இருக்கும் கடிகாரமோ சக்கரமோ வரும் காட்சியில் படத்தை நிறுத்தி அளந்து பாருங்கள். அகலம் 40, உயரம் 30 செ.மீ. என்றால் 4:3 படம் இழுபட்டிருக்கிறது. அகலம் 30, உயரம் 40 என்றால் அகலப் படம் 4:3க்குள் நசுங்கியிருக்கிறது. எல்லாச் சேனலிலும் இப்படியே இருந்தால் முதலில் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். அதன் மெனுவில் டிவி வகை 16:9 என்றும், பட வடிவம் 'ஒரிஜினல்' என்றும் இருக்கட்டும். பாக்ஸே இழுத்து அனுப்பினால் டிவிக்கு வந்து சேர்வது முழு 1920 பிக்சல் படம். அது இழுபட்டது என்று டிவிக்குத் தெரிய வழியில்லை. ஒரே ஒரு சேனலில் மட்டும் முகங்கள் பருத்திருந்தால் இழுவை பெரும்பாலும் ஒளிபரப்பிலேயே இருக்கும். அப்போது டிவியை 4:3க்கு மாற்றினால் படம் சுருங்கித் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

படம் நாலாபுறமும் கொஞ்சம் வெட்டுப்படுவது வேறு சங்கதி, ஓவர்ஸ்கேன். பிக்சர் டியூப் காலத்தில் படத்தின் அளவு நிலையாக நிற்காது. அதனால் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். இன்றைய பேனலுக்கு அந்தத் தேவை இல்லை, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிவி படத்தைச் சில சதவீதம் பெரிதாக்குவதால் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சல் மேல் நேராக விழாது. கணினியை இணைத்தால் எழுத்துகள் கலங்கித் தெரிவது இதனால்தான். பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', '1:1' என ஏதோ ஒரு பெயரில் இதை நிறுத்தும் வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் மறைந்திருந்த ஓரம் வெளியே வரும். எழுத்தின் மெல்லிய கோடு ஒற்றைப் பிக்சலில் கூர்மையாக நிற்கும்.