பிலிமின் வளைகோடும் சென்சாரின் நேர்கோடும்

இருட்டறையில் பல ஆண்டுகள் பழகிய புகைப்பட ஆர்வலர் டிஜிட்டல் கேமராவுக்கு மாறும்போது, புதிய மென்பொருளைக் காட்டிலும் அவரைத் தடுமாற வைப்பது எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் கைவந்த பழக்கமே ஆகும். பிலிமும், டிஜிட்டல் கேமராவில் அதன் இடத்தில் ஒளியைப் பதிவுசெய்யும் சிலிக்கான் தகடான சென்சாரும் ஒளியை ஏற்கும் விதம் வேறுபடுவதே அதற்குக் காரணம்.

கறுப்பு வெள்ளை பிலிமின் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி புரோமைடின் நுண்படிகங்கள் பரவியிருக்கின்றன. ஒரு படிகத்தின் மீது ஒளி விழும்போது விடுபடும் எலக்ட்ரான், படிகத்தின் குறையுள்ள ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு, அருகிலிருக்கும் வெள்ளி அயனியை ஈர்த்து அதை வெள்ளி அணுவாக மாற்றுகிறது. இப்படி நான்கைந்து அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தாலே போதும். டெவலப்பர் என்னும் உருத்துலக்கும் கரைசலில் உள்ள மெட்டால், ஹைட்ரோகுயினோன் ஆகிய வேதிப்பொருட்கள் அச்சிறு புள்ளியிலிருந்து தொடங்கி, கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட முழுப் படிகத்தையும் கறுத்த வெள்ளியாக்கிவிடும். ஒளி தொட்டுவைத்த சிறு தடயத்தை வேதியியல் இவ்வளவு பெருக்கிக் காட்டுவது, எத்தனை முறை எண்ணிப்பார்த்தாலும் வியப்புக்குரியது. எஞ்சிய படிகங்களை ஹைப்போ என்னும் நிலைநிறுத்தும் கரைசல் கரைத்து அகற்றுகிறது.

பெரிய படிகங்கள் குறைந்த ஒளியிலேயே இந்நிலையை எட்டிவிடும். சிறியவற்றுக்கு அதிக ஒளி தேவை. எனவே வெளிச்சம் கூடக்கூட, மாறுவதற்கு மீதமுள்ள படிகங்கள் குறைந்துகொண்டே வர, நெகட்டிவின் அடர்த்தி (கறுமை) உயரும் வேகமும் தணிகிறது. ஒளிப்படத் தகடுகளின் ஒளியுணர்வை ஆராய்ந்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும் 1890-இல் வெளியிட்ட வரைபடத்தில் இது வளைகோடாகத் தெரிகிறது. பிரகாசமான பகுதிகளின் நுணுக்கம் பிலிமில் திடீரென அழிவதில்லை. ஆனால் நிழலில் ஒளி போதாவிட்டால் அங்கே எதுவும் பதியாது. ஆகவேதான் நிழலுக்கேற்ப எக்ஸ்போஷர் வை, வெளிச்சத்துக்கேற்ப டெவலப் செய் என்ற விதி நிலைபெற்றது.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் சிலிக்கானில் பட்ட ஒளி எலக்ட்ரான்களை விடுவிக்க, அவை அங்கேயே சேமிக்கப்படுகின்றன. ஒளி இரு மடங்கானால் மின்னூட்டமும் இரு மடங்காகும். பிக்சலின் கொள்ளளவு நிரம்பும் வரை இந்த நேர்கோடு வளையாமல் சென்று, அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வந்த ஒளியைப் பற்றிய தகவல் எதுவும் கோப்பில் இராது. அத்துடன், 14 பிட் கோப்பிலுள்ள 16,384 படிநிலைகளில் பாதியை, அதாவது 8,192-ஐ, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகும் ஒரு படி) மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நிழலுக்குக் கிடைப்பவை சிலவே என்றாலும், சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் அதைக் கணிசமாகத் தூக்கிவிட முடியும்; இரைச்சல் (படத்தில் தோன்றும் புள்ளிகள்) சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

ஆகவே பழைய விதி இங்கே தலைகீழாகிறது: பிரகாசமான பகுதியைக் காத்து, நிழலைப் பின்னர் மீட்க வேண்டும். அச்சுத் தாளின் கிரேடை, அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாட்டின் அளவைத் தேர்ந்தெடுத்துப் பழகியவருக்கு, ஒளி-இருள் அளவுகளை மாற்றும் மென்பொருளின் டோன் கர்வ் அந்நியமானதன்று. முன்பு பிலிமும் தாளும் தாமாகவே தந்த வளைவை இப்போது அவரே வரைகிறார். எனினும், பிக்சல்களின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளால் மூன்று நிறங்களும் ஒரே நேரத்தில் நிரம்புவதில்லை. சிவப்பு ரோஜாவில் சிவப்பு மட்டும் முன்னதாக நிரம்பி இதழின் மடிப்புகள் மறைந்துவிடலாம். படத்தின் ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் கேமராத் திரையின் ஹிஸ்டோகிராம் வரைபடம், பெரும்பாலும் கேமராவே பதப்படுத்திய ஜேபெக் படத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், அதன் எச்சரிக்கைக்குப் பின்னும் ரா கோப்பில் சிறிது இடம் இருக்கக்கூடும். வெயிலில் விரித்த வெள்ளைத் துணியை ஒரு ஸ்டாப்பின் மூன்றில் ஒரு பங்காக எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே படமெடுத்து, நெசவின் இழைகள் எந்தக் கோப்பில் மறைகின்றன என்று பார்த்தால், தம் சென்சாரின் எல்லை எதுவென்று ஒருவர் துல்லியமாக அறிந்துகொள்ளலாம்.